தலை ஒன்று, சம்பளம் இரண்டு

ஜூலை மூன்றாம் வாரம். சென்னையில் ஆடிட்டராக இருக்கும் நண்பரின் அலுவலகத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரவிலும் சனி ஞாயிறுகளிலும் இணையவழிப் பயிற்சி நடத்தும் இன்னொரு நிறுவனத்தில் பகுதிநேர வேலை; அங்கும் கூலியாகவோ கட்டணமாகவோ இல்லாமல் முறையான மாதச் சம்பளம். பையிலிருந்து இரண்டு ஃபார்ம் 16-ஐ எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ரெண்டுலயும் வரி ஜீரோதான் சார். ரிட்டர்ன் போட்டு விட்டாப் போதும்.”

நண்பர் இரண்டையும் புரட்டினார். “ரெண்டையும் கூட்டிப் பார்த்தீங்களா தம்பி?”

கூட்டவில்லை. யாருமே கூட்டவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2025-26 நிதியாண்டுக் கணக்கு அது. புதிய வரி முறை. பகல் வேலையில் ஆண்டுக்கு 9 லட்சம், இரவு வேலையில் 6 லட்சம். முதல் நிறுவனம் 9 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 ரூபாயைக் கழித்து 8,25,000 என்று வைத்துக்கொண்டது. அடுக்கு விகிதப்படி 22,500 ரூபாய் வரி வரும். ஆனால் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு 87ஏ பிரிவில் முழுத் தள்ளுபடி உண்டு என்பதால் பிடித்தம் பூஜ்யம். இரண்டாவது நிறுவனமும் அதே புத்தகத்தைப் பார்த்து அதே கணக்கைப் போட்டது. 6 லட்சத்தில் 75,000 போக 5,25,000, வரி 6,250, தள்ளுபடி, பூஜ்யம். இரண்டு நிறுவனங்களும் சட்டப்படிதான் நடந்தன. இரண்டு கணக்கிலும் தப்பில்லை.

இப்போது நண்பர் கால்குலேட்டரை இழுத்துக்கொண்டார். மொத்தச் சம்பளம் 15 லட்சம். நிலைக்கழிவு ஒரே ஒரு தடவைதான், அதனால் 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. நாலிலிருந்து எட்டு வரை 5 சதவீதம், 20,000. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10 சதவீதம், 40,000. மிச்சமிருக்கும் 2,25,000-க்கு 15 சதவீதம், 33,750. கூட்டினால் 93,750. அதன்மேல் 4 சதவீதம் செஸ் 3,750. ஆக 97,500 ரூபாய். வருமானம் 12 லட்சத்தை நன்றாகவே தாண்டிவிட்டதால் தள்ளுபடியும் போயிற்று.

பூஜ்யமும் பூஜ்யமும் கூட்டினால் தொண்ணூற்றேழாயிரத்து ஐந்நூறு. அந்த இளைஞரின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“ரெண்டாவது வேலைக்கு வரி ஜாஸ்தியா சார்?” என்று கேட்டார். பலரும் கேட்கிற கேள்வி. இரண்டாவது வேலைக்கென்று தனி விகிதம் எதுவும் இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஒரே நிறுவனம் 15 லட்சம் கொடுத்திருந்தாலும் வரி அதே 97,500தான். வரி ஆளின் தலைமேல். எத்தனை இடத்திலிருந்து வந்தாலும் ஒரு பான் எண்ணின் கீழ் சேர்கிற வருமானம் ஒரே வருமானம். ஆனால் வரியைப் பிடிக்கிற ஏற்பாடு தலையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் விழுகிற இடைவெளியில்தான் அவர் கால் இடறினார்.

வருமானம் ஊறும் இடத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் யோசனை பழையது. பிரிட்டனில் 1803-இல் ஹென்றி அடிங்டன் கொண்டுவந்த வருமான வரிச் சட்டத்திலேயே அது இருக்கிறது. பணம் கைக்கு வந்தபின் கேட்டால் வராது, வரும் வழியிலேயே மறித்துக்கொள் என்பது அதன் சாரம். நம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்பளத்துக்கான மறிப்பு 192-ஆம் பிரிவு. ஆண்டு முழுவதற்கும் இவருக்கு என்ன சம்பளம் வரும் என்று முதலாளி மதிப்பிட வேண்டும். அதற்கான வரியை மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்க வேண்டும். ஆனால் முதலாளிக்குத் தெரிந்தது தான் கொடுக்கிற சம்பளம் மட்டும். வேறு தகவல் கையில் வராதவரை இந்த ஆளுக்கு உலகத்தில் வேறு வருமானமே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு நடக்கும். அதனால் வரி இல்லாத முதல் 4 லட்சம் இரண்டு தடவை கிடைக்கிறது. நிலைக்கழிவு இரண்டு தடவை. தள்ளுபடி இரண்டு தடவை. அடுக்குகளில் ஏறுவதும் இரண்டாவது நிறுவனத்தில் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குகிறது. பழைய முறையில் இருப்பவர்கள் 80சி முதலீட்டையும் இரண்டு இடத்தில் காட்டிவிட்டு வருவதுண்டு. அது வேண்டுமென்றே செய்வது, அந்தக் கதை வேறு.

இந்தக் குருட்டுத்தனம் நமக்கு எதிராக வேலை செய்யும் இடமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும் தொழில் வரிக்கு அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒரு நகராட்சிக்கு ஒருவர் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஒரே மாநகராட்சிக்குள் இருக்கும் இரண்டு அலுவலகமும் தனித்தனியே உச்ச அளவைப் பிடித்தால் வரம்பு தாண்டிவிடும். சின்னத் தொகை என்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

வரியோடு விஷயம் முடியவில்லை. வட்டி இருக்கிறது. பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி வரும் என்றால், அதை ஆண்டு முடியும்வரை வைத்திருக்கக் கூடாது. ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும் என்று நாலு தவணையில் முன்கூட்டியே கட்ட வேண்டும். முன்வரி என்றால் வியாபாரிகளுக்கும் டாக்டர்களுக்கும்தான் என்று சம்பளக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. தவணை தவறினால் 234சி, மொத்தத்தில் 90 சதவீதமாவது கட்டாமல் ஆண்டு முடிந்தால் 234பி. இரண்டுமே மாதத்துக்கு 1 சதவீதம். அந்த இளைஞருக்கு 234சி-யில் 4,920 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாதத்துக்கு 234பி-யில் 3,900. ஆக 8,820 ரூபாய் வட்டி. பூஜ்யம் என்று நம்பி வந்தவர் 1,06,320 ரூபாய் கட்டிவிட்டுத்தான் ரிட்டர்னைத் தாக்கல் செய்ய முடியும்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது என்பதை நண்பர் சொன்னபோது இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 192-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இவரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரே சமயத்தில் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்பவரும், ஆண்டின் நடுவில் வேலை மாறியவரும், ஒரு முதலாளியைத் தேர்ந்தெடுத்து, மற்றவரிடம் வாங்கும் சம்பளத்தையும் பிடித்தத்தையும் ஃபார்ம் 12பி-யில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால், தேர்ந்தெடுக்கப்பட்டவர் மொத்தத்தையும் கூட்டிப் பிடித்தே ஆக வேண்டும். இவர் ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் மாதத்துக்கு 8,125 ரூபாய் போயிருக்கும். வட்டி ஒரு பைசா கிடையாது.

வாக்கியத்தில் உள்ள ‘லாம்’ முக்கியம். கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேலை மாறியவர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். புதிய அலுவலகத்தில் சேரும் நாளில் மனிதவளப் பிரிவே கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்ப்பவர்கள் கொடுப்பதில்லை. காரணம் வரியில் இல்லை. ஒரு முதலாளியிடம் இன்னொரு முதலாளியின் பெயர், முகவரி, சம்பளம் மூன்றையும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதம் அது.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை பழகிப்போய், மூன்லைட்டிங் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில்கூடப் புழங்கத் தொடங்கிய ஆண்டு. ஆகஸ்டில் ஸ்விக்கி தன் ஊழியர்கள் நிபந்தனைகளோடு வேறு வேலையும் செய்யலாம் என்று அறிவித்தது. அடுத்த மாதம் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை நீக்கிவிட்டதாகச் சொன்னார். பெரும்பாலான பணி ஒப்பந்தங்களில் ‘வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன்’ என்ற வரி இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அப்போது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆம் பிரிவே தடையாக இருந்தது: ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலைகளில் வேலை கூடாது. அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள். இவற்றில் எது மீறப்பட்டாலும் வருமான வரிச் சட்டத்துக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் கிடையாது. பணம் வந்ததா, கூட்டு, கட்டு. ஆனால் அந்தச் சட்டம் வைத்திருக்கும் நிவாரணம் மட்டும் முதலாளியின் மேசை வழியாகப் போகிறது. முதல் முதலாளியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் வட்டி மிச்சம். இந்த ஏற்பாட்டை வரைந்தவர்கள் இரண்டாவது வேலையை மறைக்கிற ஊழியரை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். என்றாலும் நடைமுறையில் 12பி தூங்குவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ரிட்டர்ன் முதலாளிக்குப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துறையிடம் காட்டுவது வேறு, அலுவலகத்திடம் காட்டுவது வேறு. காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வைப்பு நிதிதான். ஒருவருக்கு ஒரே யூ.ஏ.என். எண், அதன் கீழ் ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனங்கள் பணம் கட்டியிருந்தால் மறைக்க இடமில்லை.

ஓய்வூதியக்காரர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள், இன்னும் அப்பாவித்தனமாக. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் தனியார் கல்லூரியில் சேர்கிறார். பென்ஷனும் சட்டத்தின் கண்ணில் சம்பளம்தான். பென்ஷன் தருமிடம் நிலைக்கழிவைக் கழிக்கிறது, கல்லூரியும் கழிக்கிறது. இவர் மறைக்க எதுவுமில்லை. 12பி என்று ஒன்று இருப்பதே தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை சம்பளமாக இல்லாமல் கட்டணமாக வந்தால் கதை வேறு திசையில் போகும். நம்மில் பலருடைய ‘சைடு வேலை’ இந்த வகைதான். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். 2019 வாக்கில் ஒரு கல்லூரியில் வாரம் ஒரு வகுப்பு எடுத்தேன். மதிப்பூதியம் என்று அழகாகப் பெயர் வைத்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கொடுத்தார்கள். 194ஜே பிரிவில் 10 சதவீதம், 12,000 ரூபாய் பிடித்தார்கள். வரிதான் பிடித்துவிட்டார்களே, சோலி முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். அந்தப் பத்து சதவீதம் என் வரியே அல்ல, என் கணக்கில் வைக்கப்பட்ட ஒரு முன்பணம் மட்டுமே என்று ஜூலையில்தான் உறைத்தது. என் சம்பளம் ஏற்கெனவே 20 சதவீத அடுக்கில் நின்றது. மதிப்பூதியம் அதன் உச்சியில் போய் உட்கார்ந்தது. செஸ்ஸோடு 24,960 ரூபாய் வரி. பிடித்தது போக 12,960 பாக்கி. பத்தாயிரத்தைத் தாண்டியதால் வட்டியும் சேர்ந்தது. அதிலும் கல்லூரியின் கணக்குப் பிரிவு ஒரு காலாண்டுப் பிடித்தத்தை வேறு யாருடைய பான் எண்ணிலோ ஏற்றியிருந்தது. பிடித்தங்களைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் அதைத் தேடி, கடிதம் எழுதி, சரிசெய்ய வைப்பதற்குள் அடுத்த செமஸ்டர் வந்துவிட்டது.

இந்தக் கட்டண வகையில் சிக்கலும் உண்டு, சலுகையும் உண்டு. கட்டணம் தொழில்முறை வருமானமாகிவிட்டால் எளிமையான ஐ.டி.ஆர்.-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஆண்டுதோறும் தாவுகிற சம்பளக்காரனின் உரிமையும் சுருங்கிவிடும். பதிலுக்கு, 44ஏடிஏ பிரிவு சில தொழில்களுக்கு ஒரு பெரிய வசதி தருகிறது: வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டால் போதும், செலவுக் கணக்கு கேட்க மாட்டார்கள். வக்கீல், டாக்டர், பொறியாளர், ஆடிட்டர், தகவல் தொழில்நுட்பம், திரைக்கலைஞர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். வாத்தியார் இல்லை. இரவில் கோடு எழுதுகிறவர் பாதி வரவுக்கு வரி கட்டினால் போதும். இரவில் அதே கோடு எழுதச் சொல்லிக் கொடுக்கிறவர் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைத்திருக்க வேண்டும். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2024 அக்டோபரில் ஃபார்ம் 12பிஏஏ வந்தது. சம்பளம் அல்லாத வருமானத்தையும், அதில் வேறிடங்களில் பிடித்த வரியையும் அலுவலகத்தில் சொல்லி, சம்பளப் பிடித்தத்தைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். மறுபடியும் முதலாளியின் மேசை வழியாகத்தான்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதைக் கட்டியவரின் பெயர் நம் ஊரோடும் ஒட்டியது. பால் சேம்பர்ஸ், பிரிட்டிஷ் வரி அதிகாரி. 1937 முதல் 1940 வரை இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராக இங்கே இருந்தவர். லண்டன் திரும்பியதும் அவர் கையில் வந்தது போர்க்கால நெருக்கடி. வருமான வரி அதுவரை கட்டாத ஆலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வரி வளையத்துக்குள் வந்துவிட்டார்கள். சம்பாதித்து மாதங்கள் கழித்து வந்து நிற்கும் வரியை அவர்களால் கட்ட முடியவில்லை. சம்பாதிக்கச் சம்பாதிக்கக் கட்டு என்ற முறையை, ஆங்கில எழுத்துகளில் ‘பி.ஏ.ஒய்.இ.’ என்று இன்றும் அழைக்கப்படுவதை, அவர் வடிவமைத்தார். நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட் அதை நாடாளுமன்றத்தில் அறிவிக்க இருந்த நாள் 1943 செப்டம்பர் 21. அன்று காலை அவர் திடீரென்று இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ஜான் ஆண்டர்சன் காலத்தில், 1944 ஏப்ரல் 6 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் மையம் குறியீடு. ஆளின் முழு வருமானப் படத்தையும் துறை தன்னிடம் வைத்துக்கொள்ளும்; முதலாளிக்குச் சில எழுத்தும் எண்ணும் மட்டும் அனுப்பும். இன்று வரியில்லா வரம்பு 12,570 பவுண்டு. முழு வரம்பும் கிடைக்கும் முதல் வேலைக்கு 1257 எல். இரண்டாவது வேலைக்கு பி.ஆர்., அதாவது முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம். உயர் அடுக்கில் இருப்பவருக்கு டி0, 40 சதவீதம். இரண்டாவது முதலாளியால் நீங்கள் வேறெங்கோ வேலை பார்க்கிறீர்கள் என்று ஊகிக்க முடியும். எங்கே, எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது.

லண்டனில் பகலில் சூப்பர் மார்க்கெட்டிலும் இரவில் பெட்ரோல் நிலையத்திலும் நிற்கிற ஈழத்து நண்பர்கள் ‘செக்கண்ட் ஜொப்புக்கு டக்ஸ் கூட’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சீட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சென்னையில் இரண்டு சீட்டும் பூஜ்யம் காட்டி ஏமாற்றுகின்றன. லண்டனில் இரண்டாவது சீட்டு 20 சதவீதம் காட்டிப் பயமுறுத்துகிறது. முதல் வேலையே வரியில்லா வரம்பு முழுவதையும் விழுங்கிவிட்டால் பி.ஆர். கச்சிதமான கணக்கு. விழுங்காவிட்டால்தான் வம்பு. மாதம் 500 பவுண்டு வீதம் இரண்டு வேலை பார்ப்பவருக்கு ஆண்டுக்கு 12,000 பவுண்டு, வரியே இல்லை. ஆனால் இரண்டாவது வேலையில் 1,200 பவுண்டு பிடித்திருப்பார்கள். துறையிடம் கேட்டு வரம்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், அல்லது ஆண்டு முடிந்து திரும்ப வாங்கலாம். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே ஆளுக்கு இன்னொரு இழப்பு உண்டு, அது சீட்டில் தெரியாது. பிரிட்டனில் வருமான வரி ஆளைப் பார்க்கிறது. தேசியக் காப்பீடோ வேலையைப் பார்க்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியே. ஒரே வேலையில் மாதம் 2,000 பவுண்டு வாங்குபவர் 1,048 பவுண்டுக்கு மேற்பட்ட தொகைக்கு 8 சதவீதம், ஏறத்தாழ 76 பவுண்டு கட்டுகிறார். ஆயிரம் ஆயிரமாக இரண்டு வேலையில் அதே தொகையை வாங்குபவர் ஒன்றும் கட்டுவதில்லை. நல்ல லாபம் என்று தோன்றும். ஆனால் 2025-26 கணக்குப்படி ஒரு வேலையில் மாதம் 542 பவுண்டாவது வந்தால்தான் அரசு ஓய்வூதியத்துக்கான ஆண்டாக அது பதிவாகும். ஒரே வேலையில் ஆயிரம் வாங்குபவருக்கு, காப்பீட்டுப் பணம் கட்டாமலே, அந்த ஆண்டு சேர்கிறது. ஐந்நூறும் ஐந்நூறுமாக ஆயிரம் வாங்குபவருக்குச் சேர்வதில்லை. தானாக முன்வந்து பணம் கட்டினாலொழிய. சேம்பர்ஸின் குறியீடு தீர்த்து வைத்த குருட்டுத்தனம், பக்கத்துக் கட்டத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நம் நாட்டில் 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டம் போய் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் தீர்ந்து ‘வரி ஆண்டு’ என்று ஒன்றே ஆகியிருக்கிறது. சம்பளப் பிடித்தம் 392-ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது. எண்கள் மாறியதே தவிர, பிடித்தம் இன்னமும் முதலாளி போடும் கணக்குதான். இத்தனைக்கும் ஒவ்வொரு முதலாளியும் பான் எண்ணோடு அனுப்பும் சம்பள விவரம் துறையின் கணினியில் ஒன்றாகத்தான் போய்ச் சேர்கிறது. 2021-இல் வந்த வருடாந்தரத் தகவல் அறிக்கையில் நம் வட்டி, பங்கு, பிடித்தம் எல்லாவற்றையும் துறை நமக்கே காட்டுகிறது. கூட்டத் தெரிந்த இயந்திரம் அங்கே இருக்கிறது. அது பேசுவது ஆண்டு முடிந்தபிறகு.

“12பி குடுத்துடலாமா, இந்த வருஷத்துக்கு?” என்று நண்பர் கேட்டார்.

இளைஞர் யோசிக்கவே இல்லை. “வேணாம் சார். வட்டியே கட்டிக்கறேன்.”

“வட்டி எதுக்குக் கட்டணும்? ஆபீஸ்ல சொல்ல வேணாம், துறைக்கு நீங்களே நேரா கட்டுங்க.” நண்பர் ஒரு ஃபார்ம் 16-ஐத் திருப்பிப்போட்டு அதன் வெற்றுப் பக்கத்தில் நாலு தேதிகளை எழுதினார். ஜூன் 15 ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, செப்டம்பர் 15-இன் கீழ் இரண்டு கோடு போட்டார்.